ஜப்பான் பேடன்ட் எல்லாம் நிஜமான கண்டுபிடிப்பா, எண்ணிக்கைக்கா? ஒரு சர்வீஸ் இன்ஜினியரோட பதில்

கேள்வி இதுதான்: பேடன்ட் தேடுற தளத்துல லென்ஸ், வீடியோ, மூலக்கூறைக் கண்டறியுற முறைன்னு எதைப் போட்டாலும் வரிசையா ஜப்பான் பேரா வருதே, இவங்க எல்லாம் நிஜமாவே கண்டுபிடிச்சவங்களா, இல்ல கம்பெனி கணக்குக்காக எழுதிப் போடுறதா, இதுல யாருக்காவது காசு கிடைச்சுதான்னு ஈசிஈ மூணாவது வருஷம் படிக்கிற ஒருத்தர் கேட்டிருக்கார். நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் உள்ள ரெண்டு கேள்வி இருக்கு. பேடன்ட்ல பேர் இருந்தா அவரையே கண்டுபிடிச்சவர்னு நம்பலாமாங்கிறது ஒண்ணு. இதையெல்லாம் உக்காந்து படிச்சா நமக்கு ஏதாவது தேறுமாங்கிறது இன்னொண்ணு, அதை நீங்க வாய்விட்டு கேக்கல, ஆனா கேள்வி அங்கதான் போய் நிக்குது. நான் சட்டம் படிச்சவன் இல்ல. வீடியோ கேசட் டெக் ரிப்பேர் கடையில ஸ்க்ரூ டிரைவர் பிடிச்சு ஆரம்பிச்சு, அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரி கருவிங்க சர்வீஸ்ல இருக்கேன், ஒரு மிஷின் புரியலைன்னா அதோட பேடன்ட்டை எடுத்துப் படிக்கிற பழக்கம் அப்பவே வந்துடுச்சு. அந்த அளவுக்குத்தான் இந்தப் பதில், சட்ட ஆலோசனையா எடுத்துக்காதீங்க.

முதல்ல எண்ணிக்கை விஷயத்தை முடிச்சிடறேன். ஜப்பான்ல 1988 வரைக்கும் ஒரே விண்ணப்பத்துல நிறைய உரிமைக் கோரிக்கைகளை, அதாவது இதெல்லாம் எங்களுக்குச் சொந்தம்னு கேக்குற வரிகளை, தாராளமா அடுக்க முடியாது, சின்னச் சின்ன மேம்பாட்டுக்கும் தனித்தனியா விண்ணப்பம் போட்டாங்க, அந்தப் பழக்கம் கம்பெனிகள்ல ஊறிப்போச்சு. இன்னொண்ணு, விண்ணப்பம் போட்டாலே அதைப் பரிசோதிச்சுட மாட்டாங்க, பரிசோதிக்கச் சொல்லி தனியா கேக்கணும், அதுக்கு முன்னாடி 7 வருஷம் டைம் இருந்துச்சு, 2001ல அதை 3 வருஷமா குறைச்சாங்க. அதனால போட்டிக்கார கம்பெனி எடுத்துடக் கூடாதுங்கிறதுக்காகவே போட்டு வச்சு, கடைசி வரைக்கும் பரிசோதனையே கேக்காம விட்டது ஏராளம். ஆனா 18 மாசத்துல எல்லாமே வெளியாகிடும், அதனால உங்க திரையில எல்லாம் ஒரே மாதிரி தெரியும். நம்பர் முடிவுல இருக்குற எழுத்தைப் பாருங்க, ஜப்பான் ஆவணத்துல ஏ-ன்னு முடிஞ்சா அது வெறும் விண்ணப்பம், பி-ன்னு இருந்தா பரிசோதனையைத் தாண்டினது. அமெரிக்க ஆவணத்துல மட்டும் கவனம், 2001க்கு முந்தினதுல ஏ-ன்னு இருந்தாலே அது கிராண்ட் ஆனதுதான், அதாவது உரிமை கிடைச்சதுதான். ஆக எண்ணிக்கைக்காகப் போடுறதும் உண்டு, அது உண்மை. ஆனா அந்தக் குவியலுக்குள்ள இருக்குற சில பேப்பர்ங்க உலகத்தையே மாத்தினது, அதுல எனக்கு நல்லாத் தெரிஞ்ச சிலதைச் சொல்றேன்.

ஒளியியல்ல நான் எடுத்துக்கறது லென்ஸ் இல்ல, விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர், ஏன்னா அது ஒளியியலும் மூலக்கூறைக் கண்டறியுறதும் ஒண்ணா சேர்ந்த கருவி. கொரோனா ரெண்டாவது அலையில வீட்டுக்கு வீடு வாங்கி வச்சோமே, அதேதான். நிஹான் கோடன்னு டோக்கியோவுல ஒரு மருத்துவக் கருவி கம்பெனி, அதுல டகுவோ அவோயாகின்னு ஒரு இன்ஜினியர். அவர் ஆக்சிஜனை அளக்க உக்காரவே இல்ல. இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் பம்ப் பண்ணுதுன்னு பாக்க ஒரு சாயத்தை ஊசி மூலமா ஏத்தி, காது மடல் வழியா வெளிச்சம் பாய்ச்சி, அந்தச் சாயம் ரத்தத்துல எப்படிக் கரையுதுன்னு வளைகோடு வரையணும், இதான் அவர் வேலை. வளைகோடு வழவழன்னு வரணும், ஆனா ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அது மேல சின்னச் சின்ன அலை ஏறி வால் பகுதி படிக்கவே முடியாம கெட்டுப் போச்சு. நம்மள மாதிரி ஆளுன்னா ஒரு ஃபில்டர் போட்டு அமுக்கிட்டு போயிருப்போம். அவர் என்ன பண்ணார்னா, சாயம் உறிஞ்சாத இன்னொரு அலைநீளத்துல வெளிச்சம் விட்டு, ரெண்டையும் வச்சுக் கழிச்சு அந்த அலையை ரத்து பண்ணப் பாத்தார். ரத்தும் ஆச்சு. ஆனா ரத்தத்துல ஆக்சிஜன் அளவு மாறினதும் அந்த ரத்து கெட்டுப் போச்சு, மறுபடி அலை தலைகாட்டுது. அங்கதான் அவருக்குப் பொறி தட்டினது, அப்போ அந்த ரெண்டு அலைங்களோட விகிதத்துலயே ஆக்சிஜன் கணக்கு இருக்குன்னு தானே அர்த்தம், அதுவும் தோல் துடிக்காது, எலும்பு துடிக்காது, துடிக்கிறது தமனி ரத்தம் மட்டும்தான், அப்போ துடிக்கிற பகுதியை மட்டும் எடுத்தா தமனியில இருக்குற ஆக்சிஜன் நேரா கிடைக்குதே. அதுக்கு முன்னாடி இருந்த காது ஆக்சிமீட்டர்ல மடலை அழுத்தி ரத்தத்தை வெளியேத்திப் பாத்துட்டு அப்புறம் விட்டுப் பாக்கணும், சிலதுல காதைச் சூடு பண்ணணும், அந்தப் பாடெல்லாம் ஒரே யோசனையில தேவையில்லாமப் போச்சு.

வீட்ல ஆக்சிமீட்டரோட பழைய ப்ரோப், அதான் விரல்ல மாட்டுற கிளிப், இருந்தா கையில எடுத்துப் பாருங்க. ஒரு பக்கம் ரெண்டு எல்ஈடி இருக்கும், சிவப்பு 660 நானோமீட்டர், இன்னொண்ணு 940 பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைக் கரன்ட்டா மாத்துற ஒரே ஒரு ஃபோட்டோடயோடு. ஆன் பண்ணிட்டு போனோட முன்பக்க கேமராவுல பாத்தீங்கன்னா நிறைய போன்ல அந்தத் தெரியாத எல்ஈடி லேசா ஊதா கலர்ல தெரியும். ஆக்சிஜன் ஏறின ஹீமோகுளோபின் சிவப்பைக் குறைச்சலா உறிஞ்சும், அகச்சிவப்பைக் கொஞ்சம் கூட உறிஞ்சும், ஆக்சிஜன் இல்லாததுக்கு இது தலைகீழ். கருவி போடுற கணக்கு ரொம்பச் சின்னது, சிவப்புல துடிக்கிற அளவை அதோட மொத்த அளவால வகுக்கணும், அகச்சிவப்புலயும் அதே மாதிரி வகுக்கணும், அப்புறம் சிவப்போட விடையை அகச்சிவப்போட விடையால வகுக்கணும், வர்ற எண்ணுக்குப் பேர் ஆர். பாடப்புத்தகக் கணக்குல 110ல இருந்து 25 மடங்கு ஆரைக் கழிச்சா ஏறக்குறைய ரத்த ஆக்சிஜன் சதவீதம் வந்துடும். இதுல சர்வீஸ்காரன் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, ஆர் 1 ஆனா விடை 85. கை நடுங்கினாலோ ப்ரோப் சரியா உக்காரலைனாலோ ரெண்டு வெளிச்சமும் ஒரே அளவுல ஆடும், அப்ப விகிதம் 1 பக்கம் போய் நின்னுடும். அதனால ஆள் நல்லா பேசிக்கிட்டு இருக்கார், ஆனா கருவி 85லயே சுத்திச் சுத்தி நிக்குதுன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது ப்ரோபைத்தான். அதுக்காக வீட்ல 85 பாத்துட்டு ப்ரோப் தப்புன்னு சும்மா இருந்துடாதீங்க, விரல் மாத்திப் பாருங்க, அப்பவும் குறைஞ்சே இருந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க.

இதுல எது உறுதி எதுல சந்தேகம்னா, 70க்கு மேல இருக்குற எண்களை நல்ல ஆரோக்கியமான ஆட்களை ஆக்சிஜன் குறைவான காத்தைச் சுவாசிக்க வச்சு, ரத்தம் எடுத்து ஒப்பிட்டு நிர்ணயம் பண்ணினாங்க. அதுக்குக் கீழ அப்படி யாரையும் இறக்க முடியாது, அதனால 70க்குக் கீழ வர்றது கோட்டை நீட்டிப் போட்ட கணக்கு, அதை நம்பி எதையும் முடிவு பண்ணக் கூடாது. அப்புறம் தோல் நிறம். 2020 டிசம்பர்ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, கருவி 92ல இருந்து 96 வரைக்கும் காட்டின நேரத்துல ரத்தப் பரிசோதனையில உண்மையான அளவு 88க்குக் கீழ இருந்தது, கருப்பின நோயாளிகள்ல 11.7 சதவீதம், வெள்ளையர்கள்ல 3.6 சதவீதம். நம்ம ஊர்த் தோல் நிறத்துக்கு இந்த எண்ணை அப்படியே தூக்கிப் போட முடியாது, அது வேற ஆட்கள், வேற ஆஸ்பத்திரி. ஆனா மாநிறம், கருப்புன்னு இருக்குற நமக்கு இது சம்பந்தமில்லாத விஷயம்னு ஒதுக்கவும் முடியாது. 94 காட்டுது ஆனா மூச்சு வாங்குதுன்னா மூச்சைத்தான் நம்பணும், எண்ணை இல்ல.

இப்ப பேடன்ட்டுக்கு வர்றேன். நிஹான் கோடன் அவோயாகி பேரையும் மிச்சியோ கிஷி பேரையும் போட்டு 1974 மார்ச்ல ஜப்பான்ல விண்ணப்பிச்சது. அடுத்த மாசமே மினோல்டா, ஆமா அந்த கேமரா கம்பெனிதான், அகியோ யமனிஷி குழு கிட்டத்தட்ட அதே யோசனைக்கு விண்ணப்பிச்சது, இவங்க தனியா யோசிச்சு வந்தவங்க. முந்திப் போட்டவருக்குத்தான் உரிமைங்கிறதால ஜப்பான்ல நிஹான் கோடன் ஜெயிச்சது. ஆனா அவங்க வெளிநாட்டுல விண்ணப்பிக்கவே இல்ல, மினோல்டா அமெரிக்காவுல விண்ணப்பிச்சு அங்க பேடன்ட் வாங்கிடுச்சு. அதனால அமெரிக்க ஆவணத்தை மட்டும் பாக்குறவருக்கு அவோயாகி பேரே கண்ணுல படாது. விரல்ல மாட்டுற மாதிரி 1977ல முதல்ல வித்ததும் மினோல்டாதான், அப்புறம் எண்பதுகள்ல எல்ஈடியை விரல்கிட்டயே வச்சு, ஒவ்வொரு துடிப்புக்கும் வர்ற பீப் சத்தம் ஆக்சிஜன் அளவுக்கு ஏத்த மாதிரி மாறுற மாதிரி பண்ணி ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போனது அமெரிக்க கம்பெனிங்க. ஆக முதல்ல யோசிச்சவர், அமெரிக்க பேடன்ட் வாங்கினவர், வித்து ஜெயிச்சவர் மூணு பேரும் வேற வேற. அவோயாகிக்கு 2015ல ஐஇஇஇங்கிற பொறியாளர் சங்கத்தோட பதக்கம் கிடைச்சுது, 2020 ஏப்ரல்ல காலமானார்.

வீடியோவுக்கு வந்தா எனக்கு டெக் ஞாபகம்தான் வரும். வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் பாத்த காலத்து ஆளுங்களுக்கு அந்தப் பொட்டி தெரியும். உள்ள ஒரு பளபளன்னு டிரம் இருக்கும், 62 மில்லிமீட்டர் விட்டம், லேசா சாய்ஞ்சு நிக்கும், அதுல டேப்பைப் படிக்கிற ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும்போது விரல் பட்டா கடைக்காரர் திட்டுவார். அந்தச் சாய்வுலதான் மொத்த விஷயமும். வீடியோ சிக்னலுக்கு டேப் ரொம்ப வேகமா ஓடணும், அப்படி ஓடினா ஒரு படத்துக்கே கிலோமீட்டர் கணக்குல டேப் வேணும். அதுக்கு பதிலா டேப்பை மெதுவா நகர்த்திட்டு ஹெட்டைச் சுழல விட்டுட்டாங்க. நம்ம ஊர்ல ஓடின விஎச்எஸ்ங்கிற கேசட் முறை டெக்ல டேப் நொடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான் நகரும், டிரம் நொடிக்கு 25 சுத்து சுத்தும், அதனால ஹெட்டு டேப் மேல ஓடுற வேகம் நொடிக்கு கிட்டத்தட்ட 4.8 மீட்டர், டேப்புல சாய்வா கோடு கோடா எழுதிக்கிட்டே போகும். 1976ல விஎச்எஸ் கொண்டு வந்த ஜேவிசி கம்பெனியோட யூமா ஷிராய்ஷி, ஷிசுவோ டகானோ பத்தி எல்லாரும் எழுதுவாங்க, ஆனா இந்தச் சாய்வு யோசனை அவங்களோடது இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே தோஷிபாவுல நொரிகசு சவசகி பண்ணினது. அவர் மட்டும்தானான்னா இல்ல, அமெரிக்காவுல ஆர்சிஏ கம்பெனியோட மாஸ்டர்சன், ஜெர்மனியில டெலிஃபுங்கன் கம்பெனியோட ஷூல்லர் ரெண்டு பேரும் 1950களோட தொடக்கத்துலயே இதே மாதிரி விண்ணப்பிச்சிருக்காங்க. இதுல ஒருத்தரை மட்டும் காட்டி இவர்தான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேமரா சென்சார்லயும் இதே கதைதான், ஆனா விஷயம் அழகானது. பழைய கேமராவுல லைட்டு நகர்ந்தா பின்னாடி வால் மாதிரி ஒரு தடம் நிக்கும் பாருங்க, சிசிடிங்கிற சென்சார் சிப் வந்தப்பவும் அந்தத் தொந்தரவு போகல, ஏன்னா ஃபோட்டோடயோடுல சேர்ந்த எலக்ட்ரான் எல்லாம் முழுசா வெளிய வராம கொஞ்சம் தங்கிடும், அது அடுத்த ஃபிரேம்ல பேயா தெரியும். என்ஈசிங்கிற ஜப்பான் கம்பெனியில நொபுகசு டெரனிஷி 1980 வாக்குல என்ன பண்ணார்னா, டயோடு மேல மெல்லிசா ஒரு பி-லேயர் போட்டு எலக்ட்ரான் சேர்ற இடத்தை மேலயும் கீழயும் பொத்தி, திறந்ததும் மிச்சமில்லாம எல்லாம் வழிஞ்சு போற மாதிரி பண்ணிட்டார். வெளிச்சமே இல்லாதப்பவும் மேல்பரப்புல தானா உருவாகுற இருட்டு கரன்ட்டும் அதுலயே அடங்கிப் போச்சு. பின்னாடி இதுக்கு பின்டு ஃபோட்டோடயோடுன்னு பேர் வந்தது, தொண்ணூறுகள்ல சிமாஸ்ங்கிற அடுத்த வகை சென்சாருக்குள்ள போச்சு, உங்க போன் கேமராவுல ஒவ்வொரு பிக்சல்லயும் இருக்கு. 2017ல பிரிட்டன்ல குயின் எலிசபெத் பொறியியல் பரிசை மூணு பேரோட சேர்ந்து வாங்கினார். ஆனா சோனியில யோஷியாகி ஹகிவாராங்கிறவர் 1975லயே நான் போட்ட விண்ணப்பத்துல இது இருக்குன்னு சொல்லிக்கிட்டு வர்றார். அவர் வரைஞ்ச அமைப்புல அந்த லேயர் இருக்குங்கிறது ஒரு கட்சி, எலக்ட்ரான் மிச்சமில்லாம வெளியேறணுங்கிற நோக்கத்தைத் தெளிவா சொல்லி செஞ்சு காட்டினது என்ஈசிதாங்கிறது இன்னொரு கட்சி. என் அபிப்பிராயம் ரெண்டாவது பக்கம், ஆனா இது தீர்ந்துபோன வழக்குன்னு சொல்ல மாட்டேன்.

மூலக்கூறைக் கண்டறியுறதுல கோஇச்சி டனகாவைச் சொல்லாம இருக்க முடியாது. கியோட்டோவுல ஷிமாட்சு கம்பெனி இன்ஜினியர், படிச்சது எலக்ட்ரிகல் பி.இ. மாதிரி ஒரு டிகிரி, டாக்டர் பட்டம் கிடையாது. புரதம் மாதிரி பெரிய மூலக்கூறோட எடையைப் பாக்கணும்னா அதை ஆவியா பறக்க விட்டு மின்னூட்டம் ஏத்தணும், லேசர் அடிச்சா அது உடைஞ்சு தூள் ஆகிடும், உடையாம பறக்க விடுறதுதான் சிக்கல். அவர் கோபால்ட் உலோகத்தோட ரொம்ப நுண்ணிய பொடியை, முப்பது நானோமீட்டர் அளவு, அசிட்டோன்ல கலந்து அது மேல சாம்பிளை வச்சு முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தார், சரியா வரல. 1985 பிப்ரவரியில ஒருநாள் அசிட்டோனுக்கு பதிலா தவறுதலா கிளிசரினை ஊத்திட்டார். தப்புன்னு உடனே தெரிஞ்சுது. ஆனா அந்தப் பொடி விலை அதிகம், கீழ கொட்ட மனசு வரல, மொட்டாய்னைன்னு அவங்க சொல்ற அந்த வீணாக்கக் கூடாதுங்கிற எண்ணம். சரி கிளிசரின் வெற்றிடத்துல காய்ஞ்சுடும்னு உள்ள வச்சு, சீக்கிரம் காயட்டும்னு லேசரை விடாம அடிச்சுக்கிட்டே திரையைப் பாத்துக்கிட்டு இருந்தார், அவர் சாம்பிளா வச்ச வைட்டமின் பி12 எடை இருக்க வேண்டிய இடத்துல, 1350 பக்கத்துல, அது வரைக்கும் வராத ஒரு உச்சி எழும்பி நின்னுச்சு. அப்புறம் அவர் குழு படிப்படியா ஏத்தி புரதங்களையே பறக்க விட்டாங்க. அந்த முறையில கம்பெனி பண்ணின மிஷின் ஒண்ணே ஒண்ணுதான் வித்துச்சு, அதுவும் அமெரிக்காவுக்கு. 2002ல வேதியியல் நோபல் வந்தப்ப அவருக்கு 43 வயசு.

இங்கயும் உறுதியானதையும் சர்ச்சையையும் பிரிக்கணும். இன்னிக்கு லேப்ல மால்டின்னு சொல்ற முறை டனகாவோடது இல்ல, ஜெர்மனியில கராஸும் ஹில்லன்காம்பும் வளர்த்தது, உலோகப் பொடிக்கு பதிலா சின்ன கரிம மூலக்கூறைக் கலந்து லேசர் அடிப்பாங்க, உணர்திறன் ரொம்ப அதிகம். அவங்க 1985லயே சின்ன மூலக்கூறுகள்ல காட்டிட்டாங்க, பேரும் அவங்க வச்சதுதான், ஆனா பெரிய புரதத்தை முதல்ல பறக்க விட்டதுக்கு ஆதாரம் டனகா பக்கம், 1987ல தகரசுக்காவுல நடந்த கூட்டத்துலயே காட்டிட்டார். நோபல் குழு அந்த முதல் அடிக்கு பரிசைக் குடுத்தது, ஜெர்மன்காரங்களை விட்டது நியாயமில்லைன்னு நிறைய பேர் சொன்னாங்க, எனக்கும் அவங்களையும் சேர்த்திருக்கலாம்னுதான் தோணுது. இன்னிக்கு பெரிய லேப்ல பாருங்க, கல்ச்சர் தட்டுல வளர்ந்த கிருமியை ஒரு குச்சியால தொட்டு ஸ்டீல் தட்டுல பொட்டு வைக்கிற மாதிரி வச்சு, மேல ஒரு சொட்டு விட்டு, காய்ஞ்சதும் உள்ள தள்ளினா சில நிமிஷத்துல அது என்ன பாக்டீரியான்னு சொல்லிடும், முன்னாடி அதுக்கே இன்னொரு நாள் ஆகும். முதல் தடவை அதை நேர்ல பாத்தப்ப நான் கொஞ்ச நேரம் நகரவே இல்ல.

காசு விஷயம். டனகாவுக்கு அந்த பேடன்ட்டுக்காக கம்பெனி குடுத்தது சுமார் 11,000 யென்னுதான் அப்ப ஜப்பான் பத்திரிகைங்க எழுதினது, பெரிய பதவியும் பணமும் நோபலுக்கு அப்புறம்தான் வந்தது. நீல எல்ஈடி ஷுஜி நகமுரா கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நிச்சியா கம்பெனி அவருக்கு 20,000 யென் குடுத்தது, அவர் கேஸ் போட்டார், 2004 ஜனவரியில டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் குடுக்கச் சொன்னது, ஜப்பானே அதிர்ந்துச்சு. ஒரு வருஷத்துல மேல்முறையீட்டுல சமரசமாகி வட்டியோட சேர்த்து சுமார் 84 கோடி யென்ல முடிஞ்சுது. 2014ல அகசாகி, அமானோ ரெண்டு பேரோட அவருக்கும் நோபல். அதுக்கப்புறம் சட்டமே மாறிடுச்சு, முன்னாடி கண்டுபிடிப்போட உரிமை முதல்ல ஊழியருக்கு, கம்பெனி அதை வாங்கிக்கணும், 2015ல பண்ணின திருத்தத்துக்கு அப்புறம் கம்பெனி முன்கூட்டியே விதி வச்சிருந்தா உரிமை ஆரம்பத்துலயே கம்பெனிக்கு, ஊழியருக்கு நியாயமான பலன் குடுக்கணும். எது நியாயம்ங்கிறதுல எனக்கு நகமுரா பக்கம்தான் சாய்வு, ஆனா அந்த வேலைக்கு வருஷக்கணக்கா லாபமே இல்லாம காசு போட்டது கம்பெனிங்கிறதையும் மறைக்கக் கூடாது.

கடைசியா, படிச்சா தேறுமான்னு உள்ள இருந்த அந்தக் கேள்விக்கு. தேறும், ஆனா கோரிக்கைப் பகுதியில ஆரம்பிக்காதீங்க, அது வக்கீல் மொழி, ஒரு பக்கத்துலயே தூக்கம் வந்துடும். ஜப்பான் சுருக்கத்துல தீர்க்க வேண்டிய பிரச்சனைன்னு ஒரு பத்தி, தீர்வுன்னு ஒரு பத்தி தனியா இருக்கும், மெஷின் மொழிபெயர்ப்புலயே ஓரளவு புரியும், அந்தப் பிரச்சனைப் பத்தியை மட்டும் படிச்சுட்டு மூடிடுங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சுட்டு அப்புறம் தீர்வைத் திறங்க. உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு எல்ஈடி, ஒரு ஃபோட்டோடயோடு, ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போதும், முதல்ல நாடி அலையைத் திரையில கொண்டு வாங்க, ஃபில்டர் போட்டு அழகாக்காம அப்படியே பதிவு பண்ணி வைங்க, கையை ஆட்டிப் பாருங்க, மூச்சைப் பிடிச்சுப் பாருங்க, ஆர் 1 பக்கம் போகுதான்னு பாருங்க. டிஸ்ப்ளேவுல சதவீதம் வரலைனாலும் பரவாயில்ல, அதுக்கு ரத்தத்தோட ஒப்பிட்ட அட்டவணை வேணும், காலேஜ் லேப்ல அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அலை வந்து எங்கயாவது சிக்கினா கீழ எழுதுங்க, ப்ரோப் வயரிங்ல இருந்து ஆரம்பிச்சு பாத்து சொல்றேன்.